துரையின் கல்லறையும் பெயரில்லாத பாட்டியும்



நினைவுப் பொழிவு என்றால் இறந்தவர் ஒருவரை நினைத்துக் கூடுவது. யாரை நினைக்க முடிகிறது, யாரை நினைக்க முடியாமல் போகிறது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதைப் பேசவே இந்த மேடையைப் பயன்படுத்திக்கொள்கிறோம். பேசப்போவது ஆங்கிலேயர் கல்லறைகளைப் பற்றி. மீஞ்சூரில், ஒரு தலித் இலக்கிய அமைப்பின் கூட்டத்தில், வெள்ளைக்காரன் கல்லறைக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது.

இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பழைய பைபிள் ஒன்றின் முதல் பக்கத்தில் மூதாதை ஒருவரின் பெயர். கீழே 'மதராஸில் காலமானார்' என்று ஒரு வரி. வேறொன்றும் தெரியாது. அவர் சிப்பாயா, ரயில் ஓட்டியவரா, உப்பு இலாகா அதிகாரியா என்றுகூடத் தெரியாது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, சென்னை மண்ணை மிதிக்காமலேயே, அவர் இறந்த நாள், புதைத்த நாள், வயது, பார்த்த வேலை, அடக்கச் சடங்கு செய்த பாதிரியாரின் பெயர் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இருநூறு ஆண்டுக்கு முன்பு செத்தவராக இருந்தாலும் முடியும்.

எப்படி முடிகிறது? செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயம் 1680-இல் திறக்கப்பட்டது. அன்றுமுதல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு எழுதினார்கள். பின்னர் மாகாணம் முழுக்க எங்கெல்லாம் பட்டாளமும் பாதிரியாரும் இருந்தார்களோ அங்கெல்லாம் இதே பழக்கம் வந்தது. முக்கியமான விஷயம் இதுதான்: அந்தப் பதிவேட்டை ஒவ்வோர் ஆண்டும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். மதராஸ் மாகாணத்தின் இந்த நகல்கள் 1698 தொடங்கி 1948 வரை, 250 ஆண்டுகளுக்கு, இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலக ஆவணங்களில் 'என்/2' என்ற வரிசையில் இருக்கின்றன. இங்கே மூலப் பதிவேட்டைக் கரையான் தின்றாலும், மழைநீர் ஊறினாலும், அங்கே நகல் பத்திரம். இப்போது அவற்றில் பெரும்பகுதி படமெடுக்கப்பட்டு, காசு கட்டினால் வீட்டுக் கணினியிலேயே பார்க்கக் கிடைக்கிறது.

இதற்கென்றே அமைப்புகளும் இருக்கின்றன. 1976-இல் தொடங்கிய தெற்காசியக் கல்லறைகளுக்கான பிரிட்டிஷ் சங்கம் கல்லறைத் தோட்டம் கல்லறைத் தோட்டமாகப் போய் எழுத்துகளைப் படியெடுத்து வைத்திருக்கிறது. 1998-இல் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களின் சங்கம் தன்னார்வலர்களைக் கொண்டு பெயர்ப்பட்டியல்களைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறது. முதல் சங்கத்தின் இதழுக்குப் பெயர் 'சௌகிதார்'. காவல்காரன் என்று அர்த்தம். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. கல்லறையைக் காத்த சௌகிதார் எங்கே புதைக்கப்பட்டார் என்று கேட்டால் எந்தப் பட்டியலும் பதில் சொல்லாது.

இவ்வளவு கவனமாக ஏன் எழுதினார்கள்? செத்தவர்மேல் இருந்த பாசம் என்று நினைத்துவிடக் கூடாது. கம்பெனி ஒரு வியாபார நிறுவனம். ஊழியர் செத்தால் அவருடைய சம்பள பாக்கி யாருக்கு, உயில் செல்லுமா, விதவைக்கு உதவித்தொகை உண்டா என்று தீர்மானிக்கச் சாவுக்குச் சான்று வேண்டும். 1770-இல் கிளைவ் பெயரில் சிப்பாய்களின் விதவைகளுக்காக ஒரு நிதியே ஏற்படுத்தினார்கள். அடக்கப் பதிவேடு, சொத்து கைமாறுவதற்கான காகிதம். சொத்து உள்ளவனின் சாவு எழுதப்பட்டது. சொத்தாகவே கருதப்பட்டவனின் சாவு எழுதப்படவில்லை. சமூகவியல் மாணவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

பதிவேட்டில் பெயர் கிடைப்பது ஒன்று, கல்லறை கிடைப்பது வேறு. கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்றமும் பழைய சட்டக் கல்லூரியும் நிற்கிற இடத்தில்தான் ஆங்கிலேயரின் முதல் இடுகாடு இருந்தது. 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அவனுடைய படை அந்தக் கல்லறைகளுக்குப் பின்னால் மறைந்துகொண்டு சுட்டது. முற்றுகை முடிந்ததும் ஆங்கிலேயர்கள் தங்கள் முன்னோரின் கல்லறைகளைத் தாங்களே இடித்தார்கள். எழுத்துப் பொறித்த பலகைக் கற்களை மட்டும் எடுத்துவந்து செயின்ட் மேரி தேவாலய வளாகத்தில் பரப்பினார்கள். ஹைதர் அலி பயம் வந்தபோது அதே கற்களைப் பீரங்கி வைக்கும் மேடைக்கும் பயன்படுத்தினார்கள். இன்று கோட்டைக்குப் போய் அந்தக் கற்களைப் படித்துக் கண்ணீர் விடுகிறவர்கள் அறிய வேண்டியது: கல் இங்கே இருக்கிறது, எலும்பு நீதிமன்ற வாசலில் கார்களுக்கு அடியில் இருக்கிறது. கல்லறையின் புனிதம் என்பது அவர்களுக்கும் தேவைக்கேற்பத்தான்.

1763-இல் தீவுத்திடலையொட்டிப் புதிய கல்லறைத் தோட்டம் திறந்தார்கள். பின்னர் கீழ்ப்பாக்கம். நம் வடசென்னைப் பக்கம் காசிமேடு. பழைய வண்ணாரப்பேட்டையில் கத்தோலிக்கர்களின் ரோக்ஸ் கல்லறை. 1856-இல் ராயபுரம் ரயில் நிலையம் திறந்த பிறகு ரயில்வேயை நம்பி வந்த வெள்ளையர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் இந்த வட்டாரத்தில்தான் வாழ்ந்தார்கள், செத்தார்கள். அவர்களில் பலருக்குக் கல்லே கிடையாது. ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905-இல் மாகாணத்துக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்துப் பெரிய புத்தகம் போட்டார். அதில் கவர்னர்கள், கர்னல்கள், கலெக்டர்கள், அவர்கள் மனைவிகள், குழந்தைகள் வருகிறார்கள். காலராவில் போன சாதாரணச் சிப்பாயைத் தேடினால் கிடைப்பது அரிது. மரக்குறி நட்டுப் புதைத்தால் இரண்டு மழைக்காலம் போதும். வெள்ளையரிலும் ஏழை ஏழைதான். ஆனால் அந்த ஏழைக்கும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

பழைய இடுகாட்டை இடித்தபோது விட்டுவைத்த ஒரு கூர்ங்கோபுரம் மட்டும் சட்டக் கல்லூரி வளாகத்தில் இன்னும் நிற்கிறது. அதில் அடங்கியிருப்பவர்கள் இருவர். 1680-இல் இறந்த ஜோசப் ஹின்மர் என்ற கம்பெனி அதிகாரி. அவருடைய விதவையை மணந்த எலிஹு யேலின் சிறு மகன் டேவிட். யேல் 1687 முதல் 1692 வரை மதராஸின் கவர்னர். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக்கு இருப்பது அவர் பெயர்தான். அவர் காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேற்றப்பட்டார்கள். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலும் குறைந்தது 10 அடிமைகளையாவது ஏற்ற வேண்டும் என்று விதியே இருந்தது. பஞ்சத்தில் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்கள், பிடித்துவரப்பட்டவர்கள். யேல் பல்கலைக்கழகம் தன் அடிமை வரலாற்றுக்காக 2024-இல் மன்னிப்புக் கேட்டது. நான்கு வயதில் இறந்த டேவிட் பாவம், குழந்தை. அவன்மேல் நமக்கு என்ன கோபம்? அவன் கல்லறையைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. 2023-இல் அதை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு நீதிபதி தீர்ப்பளித்தபோது எத்தனை கட்டுரைகள், எத்தனை கவலைகள்! அந்தக் குழந்தை செத்த அதே காலத்தில் துறைமுகத்தில் விற்கப்பட்ட குழந்தைகளுக்காகச் சென்னையில் ஒரு கல்லும் இல்லை.

இது கோட்டையோடு முடியும் கதையல்ல. நம் மீஞ்சூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கிருந்து துணியோடு மனிதர்களும் பத்தேவியாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே குலச்சின்னம் பொறித்த பலகைகள். அதையும் தொல்லியல் துறைதான் பாதுகாக்கிறது. பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போகிறோம். கப்பலேறியவர்களைப் பற்றி எந்தப் பலகையாவது சொல்கிறதா என்று அடுத்த முறை பிள்ளைகளோடு போகும்போது தேடிப்பாருங்கள்.

இனி இந்த உரையின் மையத்துக்கு வருகிறோம். வெளிநாட்டிலிருந்து மூதாதையைத் தேடுகிறவர்கள் ஒரு துரையைத் தேடுகிறார்கள். ஆனால் பல குடும்பங்களில் தேடல் அந்தத் துரையோடு நிற்பதில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தாய் இருந்தாள். இப்போது டி.என்.ஏ. பரிசோதனை செய்துகொண்டு, தங்கள் இரத்தத்தில் தெற்காசியப் பங்கு இருக்கிறது என்று வியக்கிறவர்கள் உண்டு. வியக்க ஒன்றுமில்லை. 1687-இல் கம்பெனி இயக்குநர்கள் லண்டனிலிருந்து மதராஸுக்கு எழுதிய கடிதத்திலேயே சொல்லிவிட்டார்கள்: சிப்பாய்கள் நாட்டுப் பெண்களை மணப்பதை ஊக்குவியுங்கள், பிறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் தாய்க்கு ஒரு வராகன் கொடுங்கள் என்று. இங்கிலாந்திலிருந்து பெண்களைக் கப்பலில் கொண்டுவருவதைவிட அது மலிவு.

அந்தப் பெண்கள் யார்? எல்லோரும் சேரிப் பெண்கள் என்று சொல்லிவிட முடியாது. போர்த்துக்கீசிய வம்சாவளிப் பெண்கள் இருந்தார்கள், வேறு சாதியினரும் இருந்தார்கள். ஆனால் பட்டாளம் தங்கிய இடத்தையொட்டி இருந்தது யார் குடியிருப்பு, துரை வீட்டில் சமையல், குதிரை, குழந்தை, குப்பை என்று எல்லா வேலைக்கும் நுழையத் தயங்காதவர்கள், நுழைய நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். தீட்டுப் பார்த்த ஊரார் துரை தொட்ட பாத்திரத்தைத் தொட மாட்டார்கள். அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் இருக்கும், பட்டாளத்தின் பெயர் இருக்கும். தாய் என்ற இடத்தில் பல நேரம் 'நாட்டுப் பெண்' என்று மட்டும் இருக்கும். சில நேரம் அதுவும் இருக்காது. மணமாகாத தாய் என்றால் குழந்தைக்கு அதற்கென்று ஓர் அடைமொழி கிடைக்கும். தாய்க்குப் பெயர் கிடைக்காது. ஞானஸ்நானம் பெற்றிருந்தால் மேரி என்றோ அன்னா என்றோ ஒரு புதுப்பெயர் கிடைக்கும். அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் அதோடு போய்விடும். வங்காளத்துப் பதிவேடுகளில் இந்தப் பெயரின்மையை வரலாற்றாசிரியர் துர்பா கோஷ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். மதராஸ் பதிவேடுகளுக்கு அப்படியொரு ஆய்வை நம் மாணவர்கள் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு கிளைக்கதை. சிப்பாய்களின் இந்தக் கலப்புப் பிள்ளைகளுக்காக எழும்பூரில் 1789-இல் ஆண்பிள்ளைகள் ஆதரவில்லம் ஒன்று திறந்தார்கள். அதன் பொறுப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். வாத்தியார்கள் ஒத்துழைக்கவில்லை என்றதும் பெரிய பையன்களைக் கொண்டே சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுச் சிறுவன் அதில் முதல் வாத்தியார். இதுதான் 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பெல் 1832-இல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், அரசர்கள் அடங்கியிருக்கும் கோயிலில் புதைத்தார்கள். திண்ணைப் பள்ளியின் மணல் உலகப் புகழ் பெற்றது. அந்த மணலைத் தொடச் சேரிப் பிள்ளைக்கு அனுமதி இல்லை. துரையின் பிள்ளையாகப் பிறந்ததால் அந்தப் பையன்கள் தொட்டார்கள். பெல்லின் கல்லறையைத் தேட யாருக்கும் சிரமமில்லை. அந்தப் பையன்களின் தாய்மார்களுக்கு எந்த ஊரில் எந்த மண் என்று யாரைக் கேட்பது?

நம்மவர் பெயர் ஒன்று தப்பிப் பிழைத்த கதையும் உண்டு. அது எப்படிப் பிழைத்தது என்பதைக் கவனியுங்கள். எல்லிஸ் துரையை நீங்கள் அறிவீர்கள். மதராஸ் கலெக்டர், தமிழ், தெலுங்கு முதலானவை தனி மொழிக்குடும்பம் என்று 1816-இலேயே அச்சில் சொன்னவர், வள்ளுவர் உருவத்தைப் பொன்நாணயத்தில் பொறித்தவர், 1818 தண்ணீர்ப் பஞ்சத்தில் கிணறுகள் வெட்டிக் கல்வெட்டு வைத்தவர். 1819 மார்ச்சில் இராமநாதபுரத்தில் இறந்தார். அவர் விட்டுப்போன கையெழுத்துத் தாள்கள் மதுரையில் ஒரு கலெக்டர் வீட்டுச் சமையல்காரர் அடுப்பு மூட்டவும் கோழியின் மயிர் பொசுக்கவும் பயன்பட்டன என்று வால்டர் எலியட் எழுதிவைத்தார். பாவம் அந்தச் சமையல்காரர், வரலாற்றில் இடம்பிடித்தது இப்படியா! மதிப்புமிக்க தாளை அடுக்களைக்குப் போகும்படி போட்டுவைத்தவர் கலெக்டர். பழி மட்டும் அடுக்களைக்கு.

இன்னொரு துரை வீட்டு பட்லர் கதை இதற்கு நேர்மாறு. ஜார்ஜ் ஹாரிங்டன் என்ற அதிகாரியிடம் பட்லராக இருந்த கந்தப்பன் தன் வீட்டிலிருந்த திருக்குறள் ஓலைச்சுவடியைக் கொடுத்தார், அது எல்லிஸிடம் போய்ச் சேர்ந்தது. இதை நமக்குச் சொன்னது கம்பெனி ஆவணம் அல்ல. கந்தப்பனின் பேரன் அயோத்திதாசப் பண்டிதர், 1907-இல் தாம் தொடங்கிய 'தமிழன்' இதழில் எழுதினார். பேரனுக்கு அச்சகம் வாய்த்ததால் பாட்டனுக்குப் பெயர் வாய்த்தது. ஒரு சமூகம் தன் பத்திரிகையைத் தானே நடத்தியதால் கிடைத்த அடக்கப் பதிவு இது. கல் இல்லை, குழி எண் இல்லை, பெயர் இருக்கிறது.

அதே எல்லிஸ்தான் தொண்டை மண்டலத்து மிராசு உரிமையைப் பற்றி 1818-இல் நீண்ட விளக்கம் எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிராமத்து நிலம் மிராசுதாரரின் பரம்பரை உரிமை என்று அந்த எழுத்து வலுவூட்டியது. எல்லிஸைக் கொண்டாடும் தமிழ்ப் புலவர்கள் குறளோடு நின்றுவிடுவார்கள். மிராசைத் தொட மாட்டார்கள். நாம் இரண்டையும் படிக்கிறோம். நம் பொன்னேரி வட்டாரம் அன்று செங்கல்பட்டு ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் பறையர் நிலை பற்றி அரசுக்கு அறிக்கை எழுதினார். குடியிருக்கும் சேரி மனைகூட மிராசுதாரர் பெயரில் இருந்தது, எதிர்த்துப் பேசினால் குடிசையை விட்டு விரட்டலாம் என்று அதில் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு, 1892 செப்டம்பர் 30-இல், பஞ்சமி நில ஆணை வந்தது. இருக்கும் வீட்டுக்கே மனை உரிமை இல்லாதவர்களுக்குச் செத்தபின் கல்லறை எங்கிருந்து வரும்? ஏரிக்கரை, ஆற்றங்கரை, புறம்போக்கு. ஊராரின் சுடுகாட்டுக்குத் தள்ளி, தாழ்வான இடத்தில். மழைக்காலத்தில் குழி வெட்டினால் தண்ணீர் ஊறும். வெட்டியவருக்கும் சேதி சொன்னவருக்கும் பறை அடித்தவருக்கும் சாவு ஒரு கட்டாய வேலை. ஊராரின் எல்லாச் சாவுக்கும் போனவர்களின் சாவுக்கு யார் வந்தார்கள்?

கடல் கடந்து தேடுகிறவர்களில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் நம் உறவினர். 1860-இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரோடு மதராஸிலிருந்து புறப்பட்டு நவம்பர் 16-இல் டர்பனை அடைந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து நேட்டால் போனவர்கள் 1,52,184 பேர்; பெரும்பகுதி மதராஸ் துறைமுகம் வழியே. ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு எழுதியிருக்கிறது. சாதிப் பத்தியில் 'பறையர்' என்ற சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. இதுவும் பாசத்தால் எழுதியதல்ல; ஓடிப்போனால் பிடிக்க. ஆனாலும் அந்தத் தழும்புக் குறிப்பை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கப் பேரப்பிள்ளைகள் இன்று இங்கே வருகிறார்கள். ஆங்கிலேயன் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரைப் படித்துப் படித்து அது எந்த ஊர் என்று கேட்கிறார்கள். இங்கிலாந்துக்காரருக்குக் கல்லறை வேண்டும். இவர்களுக்கு ஊர் தெரிந்தால் போதும். ஊர் தெரிந்து வந்தாலும் அவர்களை எங்கே கூட்டிப்போவோம்? ஊருக்குள்ளா, சேரிக்கா?

செத்தவர்களைப் பற்றிய பழைய கதை என்று இதை ஒதுக்க முடியாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுப் பாதையை மறித்ததால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்துச் சுவரே கட்டினார்கள். சாதி வேறுபாடற்ற மயானம் கொண்ட சிற்றூருக்கு 10 லட்சம் ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருக்கிறது. சட்டப்படி இருக்க வேண்டியதற்குப் பரிசு கொடுக்கிறார்கள். வாங்கிக்கொள்வோம், ஆனால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

நம் வட்டாரத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர், காட்டுப்பள்ளி: துறைமுகம், அனல்மின் நிலையம், சாம்பல் குட்டை, நிலக்கரிக் கிடங்கு. நிலம் எடுக்கும்போது பட்டா உள்ளவருக்கு இழப்பீடு. புறம்போக்கில் இருக்கும் இடுகாட்டுக்கு? கிராமக் கணக்கில் அது 'மயானம்' என்று இருந்தால் ஒரு கதை, 'தரிசு' என்று இருந்தால் இன்னொரு கதை. லண்டன் நூலகத்து வரிசை எண்ணுக்கு இருக்கும் அதே பலம் நம் ஊர்ச் சர்வே எண்ணுக்கும் உண்டு.

ஆகவே இங்கிலாந்துக்காரர்கள் வந்தால் உதவுங்கள். காசிமேட்டுக்கும் கோட்டைக்கும் வழி காட்டுங்கள். அவர்கள் தேடுவதில் தவறில்லை. தேடும் பொறுமையை அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் வேண்டும். கூடவே கேளுங்கள்: உங்கள் பாட்டனின் பிள்ளைகளைப் பெற்றவள் யார், அவள் பெயர் உங்கள் காகிதங்களில் எங்காவது இருக்கிறதா, அந்த நகலை எங்களுக்கும் அனுப்புவீர்களா என்று. அவள் அவர்களுக்குப் பாட்டி என்றால் நமக்கும் யாரோ ஒருத்திதான்.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி நிறுத்துகிறோம். உங்கள் ஊர்ச் சேரி இடுகாட்டின் சர்வே எண், பரப்பு, கிராமக் கணக்கில் அதற்கு எழுதியிருக்கும் வகைப்பாடு, இவற்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டு, புல வரைபடத்தோடு வாங்குங்கள். பிறகு ஒரு நீளமான கணக்கு நோட்டு. அதில் பத்திகள்: பெயர், வீட்டில் கூப்பிட்ட பெயர், தாய் பெயர், பார்த்த வேலை, இறந்த நாள், புதைத்த இடம், குழி வெட்டியவர் பெயர். தாய் பெயர் என்ற பத்தியை முதலில் நிரப்புங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் முதலில் போங்கள். எழுதி முடித்ததும் ஒரு நகல் எடுத்து வேறோர் ஊரில் வையுங்கள்.